தன்னைக் கழித்துப் பார்த்தவர்

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறவர்களை அவர் ஆய்வுக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுவார். தில்லியில் ஜனவரி மாதம், உச்சிப்பொழுது ஆகியும் பனிமூட்டம் விலகாத நாளில், "ஸ்வெட்டர் பாஹர்" என்று இரண்டே வார்த்தை. அவருக்கு இந்தி ஏறக்குறைய அவ்வளவுதான். ஆராய்ச்சி மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழற்றி வராந்தா ஆணியில் மாட்டிவிட்டு, பருத்திக் கோட்டுக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். "மேடம்ஜி, மர் ஜாவூங்கா", செத்தே போவேன் என்று ஒரு பஞ்சாபிப் பையன் கும்பிட்டே விட்டான். அவர் அசையவில்லை. அவரும் ஸ்வெட்டர் இல்லாமல்தான் நின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது.

காரணம் இருந்தது. புரதத்தை ஆராய்கிற இடத்தில் கம்பளி இழை ஒன்று விழுந்தால் போதும், கதை கந்தல். கம்பளியும் புரதம்தான், ஆட்டின் மயிர். நம் தோல், முடி, நகம் எல்லாம் அதே வகை. நாங்கள் தேடுகிற சாமான் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். மேலே உதிர்கிற ஆட்டு மயிரோ அதற்கு முன்னால் மலை. அளக்கிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. அவர் வருவதற்கு முன்பு எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு மாணவன் புதுப் புரதம் கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தான். அவன் கண்டுபிடித்தது லூதியானாவிலிருந்து அவன் அம்மா பின்னி அனுப்பிய ஸ்வெட்டரை.

தென் தில்லியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் தென்காசிப் பக்கம், அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். எனக்கு நாலைந்து வயது கூடுதல் என்பதால் வந்த முதல் வாரமே என்னை அண்ணா ஆக்கிவிட்டார். நான் அவரை டாக்டரம்மா என்பேன். நானும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர்தான், ஆனால் என்னை யாரும் டாக்டரையா என்று கூப்பிட்டதில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக் கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் குழந்தைகளின் இருமலோடு வந்து நிற்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று அவர் தமிழிலேயே சொல்வார். அவர்களும் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த மாதம் மறுபடி வருவார்கள்.

வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. நரம்பின் மேல்தோலில் மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. வாசல் திறந்தால் உப்பின் துகள்கள் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலில்தான் வலி, சூடு, கூச்சம் எல்லாச் சேதியும் ஓடுகிறது. பாடநூல்காரர்கள் அயனித் தடம் என்பார்கள், நாங்கள் சேனல் என்போம். இந்த வாசல்களில் ஏதோ ஒன்றைச் சாத்தியே பல மருந்துகள் வேலை செய்கின்றன. மருந்துக் கம்பெனிகளுக்கு வெகு காலம் முன்பே தேளுக்கு இந்த விஷயம் தெரியும். அதன் விஷத்தில் எத்தனையோ சிறு புரதங்கள். ஒன்று ஒரு வாசலைத் திறந்துவிடும், இன்னொன்று வேறொரு வாசலை அடைக்கும். வலி நரம்பின் வாசலை மட்டும் அடைத்துவிட்டு மற்றதன் ஜோலிக்குப் போகாத புரதம் ஒன்று அந்தக் கலவையில் இருந்தால், அதை வைத்து நல்ல வலி மருந்து செய்யலாம். கலவையைப் பிரித்து அந்த ஒன்றைத் தேடுவது டாக்டரம்மாவின் வேலை. அவர் பிரித்துக் கொடுப்பதை உயிருள்ள செல்லின் மேல் சொட்டுவிட்டு, மின்னோட்டம் நிற்கிறதா என்று திரையில் பார்ப்பது என் வேலை. அவர் வடிக்கிறவர், நான் ருசி பார்க்கிறவன்.

விஷம் மகாராஷ்டிரத்திலிருந்து காய்ந்த பொடியாக வரும். "எங்கூர்ல கல்லைப் பொரட்டினா கெடைக்கற சாமானுக்கு இங்க இண்டென்ட் போட்டுட்டுக் காத்துக் கெடக்கறோமுங்ணா" என்பார்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது சந்தேகம். ஆனால் பிறத்தியாரைச் சந்தேகப்படுகிற சாதாரணச் சந்தேகம் கிடையாது. எது நடந்தாலும் முதல் குற்றவாளி அவர்தான். "மொதல்ல நம்மளக் கழிச்சுப் பாக்கோணுங்ணா" என்பார். கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சினால்தான் அது உலகத்தில் இருக்கிற சங்கதி. அதுவரை அது நம் தோல், நம் முடி, நம் ஆசை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் கடையில் நாங்கள் இருவரும் காப்பிப் பொடி வாங்குவோம். ஒருமுறை காப்பி வாய்க்கு வழங்கவில்லை. சிக்கரியைக் கூட்டிப் போட்டுவிட்டான் என்று நான் கடைக்காரரிடம் நேராகப் போய்ச் சத்தம் போட்டேன். டாக்டரம்மா போகவில்லை. ஃபில்டரைக் கொதிநீரில் போட்டார். பாலை மாற்றினார். அந்த வாரம் காலனிக்குக் குழாயில் தண்ணீர் வராமல் டேங்கரில் வந்துகொண்டிருந்தது. ஆபீசிலிருந்து ஒரு பாட்டில் சுத்தத் தண்ணீர் கொண்டுபோய் அதில் போட்டுப் பார்த்தார். காப்பி பழையபடி இருந்தது. மறுநாள் கடைக்குப் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே. சத்தம் போட்டது நான்லா?" என்றேன்.

"மனசுக்குள்ள திட்டிப்போட்டேனுங்ணா" என்றார்.

இது எல்லா இடத்திலும் செல்லுபடியாகுமா? ஒரு நாள் பஸ்ஸில் அவருடைய பர்ஸ் காணாமல் போனது. கூட்டத்தில் ஒருவனைக் காட்டி, இவன்தான் உரசிக்கொண்டு நின்றான் என்று இரண்டு பேர் பிடித்தே கொடுத்துவிட்டார்கள். இவர், "ஏக் மினிட், ஏக் மினிட்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டிஃபன் டப்பாவைத் திறந்து பார்த்தார். சீட்டுக்கு அடியில் குனிந்தார். காலையில் எடுத்து வைத்தேனா என்று கண்ணை மூடி யோசித்தார். கண்டக்டருக்குப் பொறுமை போய் விசில் கொடுத்துவிட்டான். கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது அந்த ஆள்தான். அவன் அதற்குள் முனிர்காவில் இறங்கிப் போயிருந்தான்.

சிரிப்புக் காட்டத்தான் இதைச் சொன்னேன். ஆனால் அவரோடு வேலை செய்வது அத்தனை சிரிப்பான விஷயம் இல்லை. ஒரு மாணவி முகமெல்லாம் பல்லாக ஓடி வந்து, கிடைத்துவிட்டது மேடம் என்றால், அவர் முதலில் அவள் கையுறையைப் பார்ப்பார். பிறகு தலைமுடி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கேள்விகள். முடிவில் அந்தப் பெண் தான் பிறந்ததே ஒரு பிழையோ என்கிற மாதிரி திரும்பிப் போவாள். அதனால் நல்ல சேதி என்றால் எல்லோரும் என்னிடம் வருவார்கள். அவரிடம் அதைச் சொல்ல நான் போக வேண்டும்.

அவர் வீட்டுக்காரர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நல்ல பேச்சுக்காரர், சாப்பாட்டுப் பிரியர். இந்த இரண்டுக்கும் வாய் வேண்டும். அவருக்கு வலது கன்னத்தில் நரம்பு வலி. குளிர்காற்று பட்டால், ஷேவிங் பிரஷ் பட்டால், சில நாள் சோற்றை மென்றால்கூட, கன்னத்தில் மின்சாரம் இழுத்ததுபோல் வெட்டும். பேசிக்கொண்டே இருப்பார், பாதி வார்த்தையில் நிற்பார். கை கன்னத்துக்கு அருகில் போகும், தொடாது. அப்படியே உட்கார்ந்திருப்பார். வலி போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். நாங்களும் ஒன்றும் நடக்காததுபோல் கேட்டுக்கொண்டிருப்போம். குளிர்காலத்தில் மூன்று மாதம் மப்ளரும் தாடியுமாக, கரைத்த சோறாகக் குடித்துக்கொண்டு இருப்பார்.

அதற்கு அவர் சாப்பிட்ட மாத்திரையும் ஒரு சேனலைச் சாத்துகிற மாத்திரைதான். நம் வீட்டுக் கதவைச் சாத்தச் சொன்னால் தெருவையே சாத்துகிற வகை. வலி அரைவாசி குறையும், மூளை முழுவாசி தூங்கும். ஆபீசில் ஃபைல் மேலேயே கண்ணயர்ந்துவிடுவாராம். ஆள் யாரும் வராத ஒரு பிரிவுக்கு அவரை மாற்றிவிட்டார்கள்.

"அதுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தீகளா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதனாலதான் இந்த வேலையில எனக்குப் பயமுங்ணா" என்றார் டாக்டரம்மா. "இது வேணும், வேணும்னு நெனைக்கறவ கண்ணுக்கு இல்லாததெல்லாம் தெரியும். நான் பாத்து நல்லாருக்குதுன்னு சொன்னா நீங்க நம்பீராதீங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி பிறந்து வெயில் எட்டிப் பார்க்கிற சமயத்தில் அது நடந்தது. அவர் பிரித்துக் கொடுத்த பங்குகளில் ஒன்றை நான் செல்லின் மேல் விட்டேன். வலி வாசலின் மின்னோட்டம் திரையில் ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மற்றப் பங்குகள் எதற்கும் அந்தக் குணம் இல்லை. நான் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து கத்தினேன். டாக்டரம்மா வந்தார், பார்த்தார்.

"வெறும் டியூப் பாத்தீங்களாங்ணா?"

வெறும் டியூப் என்பது அவருடைய ஏற்பாடு. விஷத்துக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையையும், விஷமே போடாத வெறும் தண்ணீருக்கும் செய்து ஒரு டியூப் தருவார். அது சும்மா இருக்க வேண்டும். அது வேலை செய்தால் வேலை செய்வது விஷமில்லை, நாம்.

"பாத்தாச்சு. சும்மாதான் கெடக்கு."

"நாளைக்கு இன்னொரு வாட்டி பாக்கோணும்."

பார்த்தோம். அடுத்த வாரமும் பார்த்தோம். புது விஷத்தைக் கரைத்து முதலிலிருந்து பிரித்தும் பார்த்தோம். அதே இடத்தில், அதே பங்கு, அதே வேலை. கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்துவிட்டு ஒரு நாள் பிற்பகல் என் அறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா, நெசமாவே இருக்குமோ?" என்றார். முகம் சின்னப் பெண்ணுடைய முகம்போல் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் ஆய்வுக்கூட டைரக்டருக்கு வாய் சும்மா இருக்காது. ஆண்டு விழாவுக்குக் குடும்பங்களை அழைப்பது வழக்கம். புல்வெளியில் ஷாமியானா, சோலே பட்டூரே, குழந்தைகளுக்கு ஓட்டப் பந்தயம். அதில் அவர் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் முதுகில் தட்டி, "பாயி சாஹப், ஆப்கா தர்த் தோ அப் கயா சமஜியே! மேடம் நே தவா டூண்ட் லீ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். உங்கள் வலி போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேடம் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று. வீட்டுக்காரர் கையில் தட்டோடு அப்படியே நின்றார். பிறகு மப்ளரை அவிழ்த்து, மடித்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவருகிட்ட எதுக்குங்ணா சொன்னாரு? இன்னும் எத்தனை இருக்குது பாக்கறதுக்கு. மருந்துன்னு ஆகறதுக்கே பத்து வருசமாகும், அதுவும் ஆனா."

ஆனால் வீட்டுக்காரருக்கு அன்று முதல் வலி வரவில்லை. அந்த நோயின் சுபாவமே அதுதான். வெயில் ஏறினால் சில மாதம் ஓய்ந்திருக்கும், பிறகு சொல்லாமல் வரும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் இந்தத் தடவை காரணம் வேறு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தாடியை எடுத்தார். மாத்திரையைக் குறைத்தார். காலனியில் கண்டவரிடமெல்லாம் என் வீட்டம்மா மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மறுபடி கழிக்க ஆரம்பித்தார். மார்ச் மாதக் கடைசியில் நிதி கொடுக்கிற கமிட்டி வரவிருந்தது, அவர்களுக்கு அறிக்கையும் போயாயிற்று. அதற்குமுன் அந்தப் பங்கை ஊரிலேயே பெரிய நிறை அளக்கும் இயந்திரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். இயந்திரம் இன்னொரு நிறுவனத்தில் இருந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

இயந்திரத்தை இயக்கிய லக்னோப் பெண் மிகவும் மரியாதையானவள். திரையில் உயரமாக நின்ற ஒரு கூர்முனையைக் காட்டி, "ஏ ரஹா ஆப்கா பெப்டைட், மேடம்" என்றாள். அதுதான் நாங்கள் தேடி வந்த சிறு புரதம். அதற்கு வலப்பக்கம் கட்டையாக இன்னும் பல முனைகள் நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி, சீப்பின் பல் மாதிரி.

அந்தப் பற்களைக் காட்டி, "ஏ க்யா ஹை?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கச்ரா ஹை மேடம். சப்கே சாம்பிள் மே ஆத்தா ஹை. இக்னோர் கீஜியே."

குப்பைதான், எல்லோருடைய சாம்பிளிலும் வருவதுதான். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் புரதம் அப்படிச் சம இடைவெளியில் பல் காட்டாது. ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்த சங்கிலிதான் அப்படித் தெரியும். ஆய்வுக்கூடங்களில் அப்படிப்பட்ட சங்கிலி என்றால் பெரும்பாலும் சோப்பு. டாக்டரம்மா பல்லுக்குப் பல் இருந்த இடைவெளியை நோட்டில் குறித்துக்கொண்டார். திரும்பும்போது ஆட்டோ ஐ.என்.ஏ. சிக்னலில் நின்றது.

"எங்க வீட்டுல பால் கவரைக்கூடக் கழுவித்தான் காயப் போடுவேனுங்ணா" என்றார் அப்போது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் பயன்படுத்திய சின்ன பிளாஸ்டிக் டியூப்கள் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போட வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கஸ்டம்ஸில் மாதக்கணக்கில் கிடக்கும். டாக்டரம்மா வந்த பிறகு அவற்றைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிற வழக்கம் ஏற்பட்டது. சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, அலசி அலசி, வராந்தா வெயிலில் வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து வைப்பார். வடகம் காயப் போட்டதுபோல் இருக்கும். இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று டைரக்டர் கூட்டத்திலேயே பாராட்டியிருக்கிறார். விஷப்பொடியைக் கரைத்து வைப்பது அந்த டியூப்களில்தான்.

வெறும் டியூப்? அதில் எதுவுமே இருக்கக் கூடாது அல்லவா. அதனால் அதற்கு மட்டும் பாக்கெட்டைப் பிரித்துப் புது டியூப் எடுப்பார். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தவர் அந்த ஒன்றில் மட்டும் தாராளம் காட்டினார். விஷத்துக்குக் கழுவினது, தண்ணீருக்குப் புதுசு.

அடுத்த வாரம் நாலு டியூப் கொடுத்தார். மூடியில் நாலு நிறத்தில் பொட்டு. எது எது என்று எனக்குச் சொல்லவில்லை. நான் வேலையை முடிக்கிற வரையில் என் அறைக்குள்ளும் வரவில்லை. தன் முகத்தைப் பார்த்து நான் ஊகித்துவிடுவேனாம். முடித்துவிட்டு நான்தான் அவர் அறைக்குப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"சிவப்பு அடைக்கு. மஞ்சளும் அடைக்கு. பச்சையும் நீலமும் ஒண்ணும் பண்ணல" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"சிவப்பு, கழுவின டியூப்ல விஷமுங்ணா. மஞ்சளு, கழுவின டியூப்ல வெறுந் தண்ணி. பச்சை புது டியூப்ல விஷம்."

எங்கள் மருந்து சோப்பு. கழுவினதில் ஒட்டிக்கொண்டு நின்ற மிச்ச சோப்பு, விஷத்தோடு சேர்ந்து கரைந்து, பிரிக்கிற குழலில் தனக்கென்று ஒரு இடம் பிடித்து, அந்த ஒரு பங்கோடு மட்டும் இறங்கி வந்திருக்கிறது. சோப்பு நரம்பின் மேல்தோலையே நெகிழ்த்தும். தோல் நெகிழ்ந்தால் அதில் பதிந்திருக்கிற வாசல் எப்படி நேராக வேலை செய்யும்?

"தேளு பாவம், ஒண்ணுமே பண்ணலீங்ணா. நாமதான்" என்றார். பிறகு, "நான்தான்" என்று திருத்தினார்.

தோலைச் சந்தேகப்பட்டார், முடியைச் சந்தேகப்பட்டார், ஆசையையும் சந்தேகப்பட்டார். தன்னிடம் இருந்த நல்ல பழக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் என்று சொல்ல இடம் கொடுக்கிற ஆள் இல்லை.

டைரக்டர் இரண்டு நாள் கெஞ்சினார். கமிட்டி பார்த்துவிட்டுப் போகட்டும், நிதி வரட்டும், இதையெல்லாம் பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். இங்கிலீஷில் கெஞ்சினார், இந்தியில் அதட்டினார். கமிட்டி நாளில் டாக்டரம்மா முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்: நாங்கள் அனுப்பிய அறிக்கை தவறு, தவறு என்னுடையது, எப்படி நடந்தது என்று காட்டுகிறேன். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல், குரல் ஏறாமல் இறங்காமல், சோப்புச் சீப்பை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டினார். கமிட்டியில் ஒரு கிழவர் எழுந்து கைகுலுக்கினார். நிதியை நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் கொஞ்ச நாள் முதுகுக்குப் பின்னால் சாபுன் மேடம், அதாவது சோப்பு மேடம், என்றார்கள். அது அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்கள். கூலர் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு கதவைத் திறந்தார். கண்ணில் பழைய தூக்கச் சடவு இல்லை. சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து ஓயாமல் பேசினார். ஆபீசில் பழைய பிரிவுக்கே திரும்பிவிட்டாராம். அப்பளத்தை எடுத்து, வலது பக்கம் வைத்தே கடித்தார். நொறுங்குகிற சத்தம் கூலர் இரைச்சலை மீறிக் கேட்டது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் சார்" என்றார் அவர் என் பக்கம் திரும்பி. "மருந்து எந்த மட்டுக்கு வந்திருக்குது? அம்மிணியக் கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறா."

கமிட்டி முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று மாலையே இவரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். சொன்னாரா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் இருப்பார் என்று யார் நினைப்பார்கள்?

"அவசரம் ஒண்ணுமில்லீங்" என்றார் வீட்டுக்காரர். "வருதுன்னு தெரிஞ்சதே போதுமுங்க. பாருங்க, அதுக்கே பயந்துட்டு வலி ஓடிப்போயிருச்சு. மின்னெல்லாம் வெயில் காலத்துலயே குளிரை நெனச்சு மப்ளரத் தேடி எடுத்து வெச்சுக்குவேன். இந்த வருசம் அந்த நெனப்பே இல்ல."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கையில் ரசக் கரண்டியோடு நின்றிருந்தார். இப்போது சொல்வார் என்று எனக்கு நிச்சயம். முன்பின் தெரியாத எட்டுப் பத்துப் பேர் முன்னால் ஒரே மூச்சில் சொன்னவர்.

"நடந்துட்டிருக்குதுங்க" என்றார் அவர் வீட்டுக்காரரிடம். "இன்னும் கொஞ்சம் டெஸ்ட் பாக்கி இருக்குது."

பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்ணா?" என்றார்.

அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை. கேள்வியும் இல்லை. எனக்கு அவர்மேல் அத்தனை வருஷமாக இல்லாத ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது, கூடவே பயமும் வந்தது. நவம்பர் பிறந்தால் அந்தக் கன்னத்தில் என்ன நடக்கும் என்பது அந்த மேஜையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"ஆமா சார். நடக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் ரெண்டு அப்பளம் கிடைக்குமா என்று கேட்டார். டாக்டரம்மா கரண்டியை வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனார்.